மேல் ஊசலின் எட்டு விநாடிகள்

பயணத்தின் முந்நூற்று ஐம்பத்து நான்காம் நாள் காலை, உணவுக்கூடத்தில் எல்லோரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் அமலன் ஒரு கேள்வி கேட்டான். கணக்குப்படி இன்றைக்குக் கப்பல் ஒளியின் வேகத்தைத் தொட்டிருக்க வேண்டும். ஒளியை யாரும் எட்ட முடியாது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்களே, அப்படியானால் நாம் எங்கே போய்க்கொண்டிருக்கிறோம்?

கேள்வி நெல்லையப்பனைப் பார்த்துக் கேட்கப்பட்டது. வேறொரு விண்மீனுக்கு, திரும்பி வராத பயணம் என்று அந்த விண்கலத்தில் ஏறியிருந்த நாற்பத்திரண்டு பேரில் அவன் ஒருவன்தான் இயற்பியலாளன்.

கலத்தின் அடியில் இருந்த நிலைமுடுக்கி ஒரு கணமும் ஓயாமல் அதை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு விநாடியும் வேகம் விநாடிக்கு ஒன்பதே முக்கால் மீட்டருக்குச் சற்று மேல் கூடியது. தரை கால்களை நோக்கி எழும்பி வந்துகொண்டே இருந்ததால் பூமியில் இருந்த எடை அப்படியே இருந்தது. யாரும் மிதக்கவில்லை. குழம்பு குண்டானிலேயே கிடந்தது. கதிர்வீச்சைத் தடுக்கச் சுற்றிலும் பத்து மீட்டர் பாறைக் கவசம் இருந்ததால் சன்னல் கிடையாது. பின்னால் பீறிடும் தழலைத் தாண்டி எந்த அலைவரிசையும் வராது என்பதால் பூமியோடு பேச்சும் கிடையாது. ஏறும்போது எல்லோரையும் தூங்கவைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் விழித்தபோது கலம் பறந்துகொண்டிருந்தது. பறந்துகொண்டிருக்கிறது என்று சுவரில் எழுதியிருந்தது.

நெல்லையப்பன் கைகழுவிவிட்டு வந்து பலகையில் எழுத ஆரம்பித்தான். இந்தக் கேள்வி அவனுக்குப் புதிதல்ல. பூமியில் இருந்தபோது தட்டைப்பூமிக்காரர்களோடு வாதாட மேடை மேடையாகப் போனவன் அவன். ஈர்ப்பு என்று ஒன்று இல்லை, தட்டையான பூமி மேல்நோக்கி வேகம் கூடி முடுகிக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் பொருள்கள் விழுவதுபோல் தெரிகிறது என்பது அவர்கள் கட்சி. அப்படி முடுகினால் ஒரே வருடத்தில் ஒளியைத் தாண்டிவிடுமே என்று மதுரையில் இரண்டாயிரம் பேர் முன்னால் அவன் மடக்கினான். எதிரே இருந்த கிழவர், தாண்டாது தம்பி, சார்பியலைப் படித்துவிட்டு வா என்று சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்கவைத்தார். அந்த ஒரு விஷயத்தில் கிழவர் சொன்னதுதான் சரி. வீட்டுக்கு வந்து அவன் இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை.

இப்போது அந்தக் கிழவரின் பதிலைத்தான் அவன் நாற்பத்தோரு பேருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. முக்கால் மணி நேரம் சொன்னான். பலகை நிறைந்தது, முகங்கள் வெறுமையாக இருந்தன.

அப்போது அமலன் எழுந்தான். "அண்ணாச்சி சொல்றது எனக்கு இப்படி விளங்குது. சட்டியில இருக்கிற சோத்துல தினம் பாதி அள்ளுறோம். அள்ளுறது நிக்கவே இல்ல. ஆனா சட்டி என்னைக்கும் காலியாகாது. வேகமும் அதுமாதிரி. நமக்கு உள்ள தள்ளு ஒரே மாதிரி இருக்கும், வெளிய நின்னு பாக்கிறவனுக்குத்தான் நாளுக்கு நாள் கூடுறது குறையும். சரியா அண்ணாச்சி?"

சரிதான் என்று சொல்ல வேண்டியதாயிற்று. கூடம் முழுக்க "ஆ" என்றது. நான்கைந்து பேர் கைதட்டினார்கள். அவர்களில் ஒருத்தி கோமதி, நெல்லையப்பனின் மனைவி. சிரித்துக்கொண்டே தட்டினாள்.

"ஆனா ஒண்ணு," என்றான் அமலன் உட்காரும்போது. "நாம புறப்படவே இல்லைன்னாலும் எல்லாம் இப்படித்தானே இருக்கும்?"

விளையாட்டாகச் சொன்னதுதான். ஒரு வாரத்தில் எட்டுப் பேர் அதையே பேசினார்கள். ஒரு மாதத்தில் இருபது பேர். தங்களைப் 'புறப்படாதவர்கள்' என்று சொல்லிக்கொண்டார்கள். நாம் பூமியில் ஏதோ ஒரு குழிக்குள் இருக்கிறோம், வெளிக்கதவைத் திறந்தால் ஊர் தெரியும் என்றார்கள். தரை தள்ளுவதும் பூமி இழுப்பதும் உடம்புக்கு ஒன்றுதான் என்று சொல்லிக்கொடுத்தவனே நெல்லையப்பன் என்பதால், இல்லை என்று அவனால் ஒரே வார்த்தையில் மறுக்க முடியவில்லை.

கோமதி தோட்டத்தில் வேலை செய்தாள். அடுக்கடுக்காகக் கீரையும் தக்காளியும் வளர்ந்த அந்தக் கூடத்துக்குத் தண்ணீர் விடுகிறவன் அமலன். தூத்துக்குடிக்காரன், கல்யாணம் ஆகாதவன், வேலை செய்யும்போது வாய் ஓயாதவன். தோட்டத்துக் கதவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நெல்லையப்பனுக்கு இரண்டு குரல்கள் கேட்டன. கோமதி வீட்டில் அப்படிச் சிரித்து அவனுக்கு நினைவில்லை. சாப்பிடும்போது அவள் 'அமலன் சொன்னாப்ல' என்று ஆரம்பிக்கும் பேச்சுகளை அவன் எண்ணத் தொடங்கினான். ஒரு நாள் ஏழு. இன்னொரு நாள் பதினொன்று. சொல்லாத நாட்களில், ஏன் சொல்லவில்லை என்று யோசித்தான். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

கடைசியில் அவளும் புறப்படாதவர்களோடு சேர்ந்துகொண்டாள். எதற்காக என்று அவன் கேட்டதற்கு, அப்படி இருந்தால் நல்லது என்று தோன்றுகிறது என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மீதியை அவனே நிரப்பிக்கொண்டான்.

கதவைத் திறக்கக் கேட்டு இருபத்தாறு பேர் கையெழுத்திட்டுக் கொடுத்தபோது, கலத்தலைவி மெஹருன்னிசா நெல்லையப்பனையும் அமலனையும் தன் அறைக்கு அழைத்தாள். கலம் பறந்துகொண்டிருந்தால் கதவு திறந்த அரை நிமிடத்தில் அத்தனை பேரும் செத்துப்போவார்கள். குழிக்குள் இருந்தால் ஒன்றும் ஆகாது. பேச்சு போதும், உள்ளே இருந்தபடியே இதைக் கண்டுபிடிக்க வழி உண்டா என்று கேட்டாள்.

உண்டு என்றான் நெல்லையப்பன். தட்டைப்பூமிக்காரர்களை உண்மையிலேயே மடக்கும் வாதம் அதுதான்; மதுரை மேடையில் அவன் சொல்லியிருக்க வேண்டியதும் அதுதான். உருண்டையான பூமியில் மேலே போகப் போக இழுவை குறையும். மலைமேல் ஊசல் கடிகாரம் மெதுவாக ஆடும். முடுகும் தட்டில் மேலும் கீழும் ஒரே தள்ளுதான். கலத்தின் நடுவே அறுபது மீட்டர் உயரத்துக்கு ஒரு தண்டுவழி இருந்தது. அதன் அடியில் ஒரு ஊசலும் உச்சியில் ஒரு ஊசலும் வைத்தால் போதும். நாம் பூமியில் இருந்தால் மேல் ஊசல் நாளுக்கு முக்கால் விநாடிக்குச் சற்று மேல் பின்தங்கும். பத்து நாளில் எட்டு விநாடி. பறந்துகொண்டிருந்தால் இரண்டும் ஒன்றாகவே ஓடும்.

ஊசல்களை அமலன் செய்தான். சூட்டில் நீளாத படிகக் குழாயைத் தண்டாக்கி, பித்தளைக் குண்டு தொங்கவிட்டு, குண்டுக்கு அடியில் நீளத்தைச் சரிபார்க்கச் சின்ன நட்டு ஒன்று வைத்தான். ஆட்டங்களைத் தானே எண்ணும் எண்ணியையும் பொருத்தினான். அவன் கைவேலையைப் பார்க்க ஆட்கள் கூடினார்கள். இரண்டையும் அடித்தளத்தில் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுக் கலத்தின் மணிகாட்டியோடு ஒத்துப்போகச் செய்தார்கள். பிறகு ஒன்றை உச்சிக்கு ஏற்றினார்கள். காற்றும் காலடியும் படாமல் இரண்டு அறைகளையும் பத்து நாள் பூட்டிவைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கீழ் அறைச் சாவி அமலனிடம். மேல் அறைச் சாவி நெல்லையப்பனிடம். பத்து நாள் முடிந்ததும் ஊசல்களை இடம் மாற்றி இன்னொரு பத்து நாள்.

நான்காம் நாள் மதியம் நெல்லையப்பன் மேல் அறையைத் திறந்தான். ஊசல் நின்றுவிடவில்லையே என்று பார்ப்பதற்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். எண்ணியைப் பார்த்தான், மணிகாட்டியைப் பார்த்தான். மூன்று விநாடி பின்தங்கியிருந்தது.

மறுபடி பார்த்தான். மூன்றுக்குச் சற்று மேல்.

சுவரில் கைவைத்தான். அந்தச் சுவருக்கு அப்பால் விண்வெளி இல்லை, மண் இருந்தது. மண்ணுக்கு மேலே சாலையும் பேருந்தும் மழையும் இருந்தன. ஒரு கணம், ஒரே ஒரு கணம், கத்திக்கொண்டே ஏணியில் இறங்கி ஓட வேண்டும் என்றுதான் இருந்தது.

அடுத்த கணம் அவன் மனக்கண்ணில் உணவுக்கூடத்தைக் கண்டான். அமலனைத் தோளில் தூக்குவார்கள். படிக்காதவன் பார்த்தவுடன் சொன்னதைப் படித்தவன் இருபது நாள் அளந்து ஒத்துக்கொண்டான் என்பார்கள். கதவு திறக்கும், முதல் வெளிச்சத்தில் கோமதி திரும்பிப் பார்ப்பாள். தன்னைப் பார்ப்பாளா அவனைப் பார்ப்பாளா? அவனுக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை.

குண்டுக்கு அடியில் கைவிட்டு நட்டைத் திருப்பினான். தலைமயிரின் பருமனில் கால்வாசி அளவுக்குத் தண்டு குறுகினால் போதும், மேல் ஊசல் கீழ் ஊசலைப்போலவே ஓடும். முதலில் சற்று அதிகமாகத் திருப்பி, விட்டுப்போன மூன்று விநாடியைப் பிடிக்கவைத்தான். மறுநாள் வந்து அளவாக நிறுத்தினான். இடம் மாற்றும் முன் பழைய நிலைக்கே கொண்டுவந்தான். இரண்டாவது ஊசல் மேலே வந்தபோது அதற்கும் அப்படியே செய்தான். இரண்டாம் முறை தனக்குத்தானே சாக்கு எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.

இருபதாம் நாள் எல்லோர் முன்னாலும் எண்கள் வாசிக்கப்பட்டன. கால் விநாடி வித்தியாசம்கூட இல்லை. நாம் பறந்துகொண்டிருக்கிறோம் என்று மெஹருன்னிசா அறிவித்தாள்.

அமலன் எழுந்து நெல்லையப்பனிடம் வந்தான். "நான் சொன்னது தப்பு அண்ணாச்சி," என்றான் எல்லோருக்கும் கேட்கும்படி. "இருபத்தாறு பேரை வீணா ஆசைப்பட வச்சிட்டேன். மன்னிச்சிருங்க." கூடம் எழுந்து நின்று தட்டியது. அந்தக் கைதட்டல் தோற்றவனுக்கு என்பது நெல்லையப்பனுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

கோமதி இரண்டு நாள் படுத்தே கிடந்தாள். மூன்றாம் நாள், அமலன் தோற்றதற்கா இத்தனை அழுகை என்று அவன் கேட்டேவிட்டான். அவள் புரியாமல் அவனைப் பார்த்தாள்.

"வடிவு பிள்ளை இந்நேரம் தவழ ஆரம்பிச்சிருக்கும்," என்றாள். வடிவு அவள் தங்கை. கலம் ஏறும்போது நான்கு மாதக் கர்ப்பிணி. "கதவுக்கு அந்தப் பக்கம் அவ இருக்காளோன்னு ஒரு நப்பாசை. இனிமே ஆணா பொண்ணான்னுகூட எனக்குத் தெரியப்போறதில்ல. அமலனுக்கும் அப்படித்தான். தூத்துக்குடியில அவங்க அம்மா ஒத்தையில கிடக்காங்க. நாங்க ரெண்டு பேரும் வேற என்ன பேசினோம்னு நினைச்சீங்க?"

அன்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. நட்டைத் திருப்பினேன் என்ற இரண்டே சொற்கள்தான். ஆனால் ஏன் திருப்பினாய் என்று அவள் கேட்பாள். அந்தப் பதிலைச் சொல்வதைவிடப் பறந்துகொண்டிருப்பது எளிதாக இருந்தது. சரியான நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று முடிவுசெய்தான். அப்படிப்பட்ட நேரம் பதினாறு மாதமும் வரவில்லை. இதற்குள் அமலன் மாலைதோறும் அவனிடம் வந்து சார்பியல் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருந்தான். கற்றதைக் கூடத்தில் எல்லோருக்கும் சொன்னான். நெல்லையப்பனைவிட நன்றாகவே சொன்னான். பொறாமைக்குக் காரணம் இல்லை என்று தெரிந்த பிறகும் பொறாமை போகவில்லை. அது இருக்க வேறு இடம் பார்த்துக்கொண்டது.

தொள்ளாயிரத்துப் பதினேழாம் நாள் நடுவழி. நிலைமுடுக்கி ஆறு மணி நேரம் நிற்கும். கலம் தலைகீழாகத் திரும்பி, பிறகு வேகத்தைக் குறைக்க ஆரம்பிக்கும். அந்த ஆறு மணி நேரமும் எடை இருக்காது. தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிவைத்தார்கள். தக்காளிச் செடிகளுக்கு வலை போட்டார்கள். காலை பத்து மணிக்கு நாற்பத்திரண்டு பேரும் இருக்கைகளில் வாரால் பிணைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

இரண்டரை வருடமாகக் காதில் இருந்த இரைச்சல் நின்றது.

எடை போகவில்லை. ஒரு நிமிடம் காத்திருந்தார்கள். சமையற்காரி தன் கைக்குட்டையை எடுத்து விட்டுப் பார்த்தாள். அது தரையில் விழுந்தது. விளக்கிச் சொல்ல இயற்பியலாளன் தேவைப்படவில்லை. ஒவ்வொருவராகத் திரும்பி நெல்லையப்பனைப் பார்த்தார்கள். அமலன் மட்டும், அளவில் எங்கோ நாம் பிசகிவிட்டோம் அண்ணாச்சி என்று மெதுவாகச் சொன்னான். நாம் என்றான்.

பதினைந்து நிமிடத்தில் வெளிக்கதவு வெளியிலிருந்து திறந்தது.

மதுரைக்கு வடக்கே, கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியின் அடியில் அவர்கள் இருந்தார்கள். சோதனையை நடத்திய நெடுவழி ஆய்வகத்தின் அதிகாரி அவர்களை வரவேற்று, ஒப்பந்தத்தின் முப்பதாம் பக்கத்தை நினைவூட்டினார். உண்மையான கலம் புறப்படும் முன், அடைபட்ட ஒரு கூட்டம் தான் இருக்கும் இடத்தைத் தானாக அறிந்துகொள்ளுமா என்று பார்ப்பதுதான் நோக்கம். அறிந்துகொண்ட அன்றே கதவைத் திறப்பதாக இருந்தோம் என்றார். ஊசல் அளவீடு தொடங்கியபோது திறவுகோலோடு ஆட்கள் வாசலில் காத்திருந்தார்களாம். எண்கள் வெளியே வந்ததும் திகைத்துத் திரும்பிப் போனார்களாம். அறைகளுக்குள் படக்கருவி வைக்கக்கூடாது என்பது விதி. கூடத்தில் வாசிக்கப்பட்ட எண்கள் மட்டும்தான் வெளியே வந்தன. விதிப்படி அவற்றை அன்றே உலகத்துக்கு வெளியிட்டும் விட்டார்கள்.

மேலே ஏறி வந்ததும் வெயிலில் கண் கூசியது. முள்வேலிக்கு அப்பால் பெரிய கூட்டம். கோமதி வடிவைக் கண்டு ஓடினாள். வடிவின் இடுப்பில் இரண்டு வயதுப் பெண்குழந்தை, அழைத்தும் வர மறுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. அமலனைத் தேடி வந்திருந்தவர் அவன் மாமா. அம்மா எட்டு மாதத்துக்கு முன்னால் போய்விட்டாள் என்றார். கடைசி வரை பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

மற்ற கூட்டம் நெல்லையப்பனுக்காக வந்தது. வட்டத் தட்டு வரைந்த கொடிகளைப் பிடித்திருந்தார்கள். அவன் பெயரைச் சொல்லி வாழ்த்தினார்கள். மண்ணுக்கு அடியில், இரண்டு ஊசல்கள் வைத்து, இடம் மாற்றி, எதிர்க்கட்சிக்காரனையும் உடன் வைத்துக்கொண்டு, பூமியில் மேலும் கீழும் இழுவை ஒன்றுதான் என்று அளந்து காட்டியவன் அவன். இழுவை மாறவில்லை என்றால் பூமி உருண்டை இல்லை. முடுகிக்கொண்டிருக்கும் தட்டுதான். இத்தனை காலமும் அவர்களிடம் வாதம் மட்டுமே இருந்தது. அளவை அவன் தந்துவிட்டான். சில நூறு பேராக இருந்தவர்கள் இந்தப் பதினாறு மாதத்தில் லட்சக்கணக்கில் பெருகியிருந்தார்கள். மேல்நிலைப் பாடநூலில் அந்த அளவீட்டைச் சேர்க்கச் சொல்லி வழக்கே நடந்துகொண்டிருந்தது.

செய்தியாளர்கள் ஒலிவாங்கிகளை நீட்டினார்கள். அந்த அளவீடு சரியானதுதானா என்று ஒருத்தி கேட்டாள். நெல்லையப்பன் பேசும் முன், கண்ணைத் துடைத்துக்கொண்டு அமலன் பக்கத்தில் வந்து நின்றான். கருவியைச் செய்தவன் நான், அளந்தவர் பொய் சொல்லத் தெரியாதவர், பிசகு இருந்தால் அது என் கைவேலையில்தான் இருக்கும் என்றான்.

"இல்ல," என்றான் நெல்லையப்பன். "நான் நட்டைத் திருப்பினேன். நாலாம் நாளே எனக்குத் தெரியும்."

அமலன் அவன் பக்கம் திரும்பினான். தொழில் தெரிந்தவன் தொழில் தெரிந்தவனிடம் கேட்பதுபோலக் கேட்டான்.

"எத்தனை சுத்து அண்ணாச்சி?"

"ஒரு சுத்துல இருபத்தஞ்சுல ஒரு பங்கு இருக்கும்."

அமலன் தலையாட்டினான். மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு வேலியோரமாகவே நடந்து போனான். திரும்பிப் பார்க்கவில்லை. கோமதி குழந்தையை வாங்க நீட்டிய கையோடு அப்படியே நின்றிருந்தாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. சிறிது நேரத்தில் வடிவின் வண்டி அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது.

கொடி பிடித்தவர்கள் அவன் சொன்னதை நம்பவில்லை. ஆய்வகம் மிரட்டி அப்படிச் சொல்லவைத்திருக்கிறது என்றார்கள். அவன் மறுபடியும் சொன்னான், நட்டு, தலைமயிர், எட்டு விநாடி என்று எல்லாவற்றையும் சொன்னான். அவர்கள் பரிவோடு கேட்டுக்கொண்டார்கள். பாவம், என்னவெல்லாம் செய்தார்களோ என்று ஒருவர் அவன் முதுகைத் தடவினார்.

மாலைக்குள் குவாரி காலியானது. நாற்பத்தோரு பேரும் அவரவர் ஆட்களோடு போய்விட்டார்கள். அவனை ஊருக்குக் கொண்டுபோய் விடுகிறோம் என்று சொன்னவர்கள் தட்டைப்பூமிக்காரர்கள் மட்டும்தான். வண்டியில் முன்னிருக்கையைத் துடைத்துவிட்டு, குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார்கள். நெல்லையப்பன் ஏறி உட்கார்ந்தான்.

போகும் வழியில் மேலூரில் ஒரு கூட்டம் இருக்கிறது, ஐந்து நிமிடம் முகம் காட்டினால் போதும் என்று ஓட்டுநர் தயங்கித் தயங்கிக் கேட்டார். எத்தனை பேர் வருவார்கள் என்று நெல்லையப்பன் கேட்டான்.